வராதவர்கள் இருபத்தாறு பேர்

"அப்ப அவர் இறந்துட்டார்னு சொல்றீங்க."

"நான் சொல்லலை உஸ்தாஸ். நீங்கதான் சொல்றீங்க. எங்க பதிவேட்டுல அவர் வரலை, அவ்வளவுதான்."

"எப்பலேருந்து வரலை?"

"தொண்ணூத்தெட்டுலேருந்து."

"அவருக்கு அடுத்த பேர்?"

"அவரும் வரலை. தங்கமான மனுஷர். அவர் அடக்கத்துக்கு நானே போயிருந்தேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மதாம் இஜ்லால். முப்பத்தொரு வருடம் அலெக்சாந்திரியாவின் பெண்கள் பள்ளிகளை ஆய்வு செய்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது உலக மூத்த குடிமைத் தொண்டர் சம்மேளனத்தின் அலெக்சாந்திரியா இரண்டாம் கிளைக்குச் செயலாளர். முதலாம் கிளை என்று ஒன்று இருந்ததில்லை. நிறுவனர்கள் அடக்கமானவர்கள், முதல் எண்ணைத் தாங்களே எடுத்துக்கொள்வது நாகரிகமாக இருக்காது என்று விட்டுவைத்திருந்தார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம், உஸ்தாஸ் என்று மரியாதையாக அழைக்கப்பட்ட வக்தி. குடிநீர் வாரியத்தில் குழாய்களின் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்த காரியம் சிறியது. ஒரு சக்கர நாற்காலி வேண்டும்.

நவம்பரில் ஒரு காலை அவர் மனைவி இன்ஸாஃப் அடுப்பை அணைக்கத் திரும்பியபோது இடது கால் கூடவே திரும்பவில்லை. மருத்துவமனையில் ஞாயிறும் புதனும் காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். "வசந்தம் வரைக்கும் விடாம வாங்க. அதுவரைக்கும் காலுக்கு நடந்த ஞாபகம் இருக்கும். அப்புறம் நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். பாகோஸில் அவர்கள் சந்துக்குள் டாக்ஸி வராது. சமையலறை நாற்காலியில் இன்ஸாஃபை உட்கார வைத்து, ஒரு பக்கம் வக்தியும் மறுபக்கம் டயர் கடை ஷிஹாத்தாவும் தூக்கிப் பெரிய சாலைவரை கொண்டுபோவார்கள். மூன்று வாரத்தில் வக்தியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. புதன்கிழமைகள் நின்றுபோயின. கடையில் சக்கர நாற்காலி விலை கேட்டுவிட்டு, கடைக்காரருக்கு நன்றி சொல்லி வெளியே வந்தார். அப்போதுதான் யாரோ இந்தக் கிளையைச் சொன்னார்கள்.

"எங்ககிட்ட பன்னிரண்டு இருக்கு" என்றார் மதாம் இஜ்லால். அவர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. "நாலு வருஷத்துக்கு முந்தி டென்மார்க் கிளை அனுப்பினது. நல்ல சரக்கு."

"அதுல ஒண்ணு..."

"எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா கொடுக்கறதுக்குத் தீர்மானம் வேணும். தீர்மானத்துக்குப் பதிவேட்டுல உள்ளவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு கை தூக்கணும். பதிவேட்டுல முப்பத்தேழு பேர். அப்ப இருபத்தஞ்சு கை. கூட்டத்துக்கு வர்றது பதினோரு பேர்."

"மத்த இருபத்தாறு பேரும்..."

"வரலை" என்றார் மதாம் இஜ்லால், பொறுமையாக.

விஷயம் ஒரு சொல்லில் இருந்தது. தலைமையகத்தின் விதிப் புத்தகம் பிரெஞ்சில் வந்தது. அதில் உறுப்பினர் எண் 'ஆயுளுக்கும்' உரியது என்று இருந்தது. அதை அரபியில் பெயர்த்தவர் நிறுவனர்களில் ஒருவர், வழக்கறிஞர், நன்றாக வளர்க்கப்பட்ட மனிதர். எதிரே உட்கார்ந்திருந்த எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே ஆயுள் என்றால் அது என்றைக்கோ முடியும் என்று சொன்னதாகிவிடும். அவருக்கு வாய் வரவில்லை. 'என்றென்றைக்கும்' என்று எழுதினார். எல்லோரும் நெகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டார்கள். அன்று முதல் இரண்டாம் கிளையில் யாரும் உறுப்பினர் பதவியை இழந்ததில்லை. தவறைத் திருத்த வழி இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும்.

"மரியாதைக்காகச் செஞ்சது, பாவம்" என்றார் மதாம் இஜ்லால். "முதல் செவ்வாய்க்கிழமை வாங்க. விருந்தினரா உட்காருங்க. ரிப்பன் கட்டின சட்டைப்பூ ஒண்ணு கொடுப்போம்."

டிசம்பரின் முதல் செவ்வாய் மழையாக இருந்தது. கடல் காற்று டிராம் தண்டவாளத்தின் மேல் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. கிளையின் கூடம் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்து இருந்தது. வக்தி உள்ளே போனபோது உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நடந்து வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஆளுக்கொரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பதினோரு பேருக்கும் கால்கள் நன்றாக இருந்தன. தலைவர் துசூன் பே வாசல் படியில் இரண்டிரண்டாக ஏறி வந்ததை வக்தியே பார்த்தார்.

"உட்காருங்க, உட்காருங்க" என்று பன்னிரண்டாவதை அவர் பக்கம் தள்ளிவிட்டார் பொறியாளர் ரம்சீஸ். சாலைத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி என்று பெயர். "இது விருந்தினருக்குன்னே வச்சிருக்கறது."

"நீங்கல்லாம் எதுக்கு இதுல..."

"டென்மார்க்காரங்க மூணு மாசத்துக்கு ஒருதரம் படம் கேக்கறாங்க. நாற்காலியெல்லாம் பயன்பாட்டுல இருக்கான்னு. பொய்ப்படம் அனுப்பற வழக்கம் இந்தக் கிளைக்குக் கிடையாது. அதனால பயன்படுத்தறோம்."

வக்தி உட்கார்ந்தார். மிகவும் சுகமான நாற்காலி. முதுகு சரியாகப் பொருந்தியது, கால் வைக்கும் பலகை மடங்கி விரிந்தது, விரலால் தொட்டால் சக்கரம் நகர்ந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மணி மூன்று முறை அடித்தது. வருகைப் பதிவு தொடங்கியது. ஒவ்வொரு பெயரையும் முழுப் பட்டங்களோடு மதாம் இஜ்லால் வாசித்தார். வந்தவர்கள் "ஆஜர்" என்றார்கள். வராதவர் பெயர் வந்தபோது அவர் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வாசலைப் பார்த்தார். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். விதிப்படி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் டிராம் தாமதமாகும் என்பதால் டிசம்பரில் அதை இரண்டு நிமிடமாக்கியிருந்தார்கள். இருபத்தாறு பேர். நடுவில் ஒருமுறை கதவு காற்றில் திறந்துகொண்டது. யாரோ எழுந்துபோய் அதை மரியாதையாகச் சாத்திவிட்டு வந்தார்.

பிறகு துசூன் பே பேசினார். இறக்குமதித் துறையில் உயர்பதவியில் இருந்தவர். குரலுக்கு இன்னும் ஓய்வு வயது வரவில்லை.

"மதிப்புக்குரிய டாக்டர், மதிப்புக்குரிய பொறியாளர், மதிப்புக்குரிய ஆலோசகர்..." என்று பதினொன்றும், பிறகு இருபத்தாறும், பிறகு உலகின் நூற்றுப் பதினான்கு சகோதரக் கிளைகளும், பிறகு "எங்கள் விருந்தினர் உஸ்தாஸ் வக்தி, குழாய்களின் மனிதர்" என்றும் விளித்து முடிக்கையில் தேநீர் ஆறிவிட்டது.

"நண்பர்களே, தொண்டு என்றால் என்ன? கொடுப்பதா? கொடுப்பது யாராலும் முடியும். தெருமுனையில் அவரைக்காய் விற்கிறவன்கூடக் கொடுக்கிறான். கொடுத்ததும் அவன் தொண்டு முடிந்துபோகிறது. நாம் அப்படியா? நாம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். முப்பது வருடமாகத் தயாராக இருக்கிறோம். அந்தத் தயார்நிலையை ஒரு நாள்கூட நாம் இழந்ததில்லை. போர் வந்தது, புரட்சி வந்தது, நோய் வந்தது. ஒரு கரண்டிகூட இந்தக் கிளையை விட்டு வெளியே போகவில்லை."

கைதட்டினார்கள். அவர் மேலும் பேசினார். வக்தி கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஸாஃபுக்கு மாத்திரை கொடுக்கச் சொல்லி ஷிஹாத்தாவின் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கடைசியில் அவர் கோரிக்கை வந்தது. பதினோரு கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஒருவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, ரம்சீஸ் முறைத்ததும் ஒன்றை இறக்கினார்.

"ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு இல்லை" என்று மதாம் இஜ்லால் எழுதினார். "கோரிக்கை ஏகமனதாத் தோத்துப்போச்சு."

"பாத்தீங்களா?" என்று துசூன் பே வக்தியின் தோளைத் தட்டினார். "ஒரு எதிர்ப்புகூட இல்ல. இந்த ஊர்ல வேற எங்க போனாலும் உங்களுக்கு இப்படி ஒரு ஆதரவு கிடைக்காது."

அவருக்குப் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் அவர் பெயர் வஜீஹ் என்று இருந்தது.

வெளியே வரும்போது ரம்சீஸ் அவரை ஓரமாக அழைத்தார். "பத்தொன்பதாவது விதியைப் பாத்தேன். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர், வீட்டார் மூலமா ஒப்புதல் கடிதம் கொடுக்கலாம்னு இருக்கு. என்றென்றைக்கும் வர முடியாதவரும் வர முடியாதவர்தானே. பதினாலு கடிதம் கொண்டுவாங்க. பதினோரு கை, பதினாலு கடிதம். முடிஞ்சுது."

இப்படியாக வக்தி இறந்தவர்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்.

பல வீடுகள் இல்லை. இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். சில பிள்ளைகள் கனடாவில் இருந்தார்கள். மற்ற வீடுகளில் அவரை உட்காரவைத்து, சூடான சஹ்லப் பால் கொடுத்து, அழுதுவிட்டு, கையெழுத்துப் போட்டார்கள். கிளியோபாத்ரா பகுதியில் ஒரு மகன், "அப்பா இன்னும் பதவியிலயா இருக்கார்?" என்று கேட்டுப் பெருமைப்பட்டான். ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் அதே சான்றிதழ் இருந்தது. எதிலும் பெயர் சரியாக இருந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் பதிமூன்று கடிதங்கள் சேர்ந்தன. பதினாலாவதற்கு ஒரே ஒரு வீடுதான் மிச்சம். கிளிம் பக்கம், மூன்றாவது மாடி, மதாம் ஆயிதா. கணவர் கண் டாக்டராக இருந்தவர். இரண்டு வருடமாக வராதவர். அந்த அம்மாள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"எங்க வீட்டுக்காரர் சட்டுனு எதுக்கும் சரின்னு சொல்ல மாட்டார். என்னைக் கல்யாணம் பண்ணிக்கவே ஏழு மாசம் யோசிச்சார்."

"ஒரு சக்கர நாற்காலிதான் மதாம். என் சம்சாரத்துக்கு."

"தெரியுது. இவருக்கும் அதைத்தான் கேட்டோம்."

வக்தி நிமிர்ந்து பார்த்தார்.

"ஓட்டுக்கு விட்டாங்க. எல்லாரும் கை தூக்கினாங்க. இவரும் தூக்கினார், உட்கார்ந்திருந்த நாற்காலியிலயே. பத்தலைன்னு எழுந்திருக்கச் சொல்லிட்டாங்க. ரெண்டு பேர் கையைப் பிடிச்சு டாக்ஸிவரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டாங்க, அது உண்மை, மரியாதைக்குக் குறைச்சல் இல்ல." கடிதத்தை மடித்து அவரிடமே நீட்டினாள். "நான் இதுல கையெழுத்துப் போட்டா, அவர் அந்த இடத்துக்கு மறுபடி போன மாதிரி ஆயிடும். கோச்சுக்காதீங்க. உங்க சம்சாரத்துக்காக வேண்டிக்கறேன்."

அன்று மாலை இன்ஸாஃப் கட்டிலில் சாய்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர் சரின்னாங்க?"

"பதிமூணு."

"எல்லாம் போய்ச் சேர்ந்தவங்க."

"ஆமா."

"உசிரோட இருக்கறவங்களுக்கு இவங்க தேவலை." ஒரு கல்லை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். "யா வக்தி, இன்னைக்குக் காலையில கால்கட்டை விரலை ஆட்டிப் பாத்தேன். போன வாரம் ஆடிச்சு."

"இன்னைக்கு?"

"கேக்காத."

மறுநாள் ஞாயிறு. ஷிஹாத்தாவுக்குக் காய்ச்சல். அவர்கள் மருத்துவமனைக்குப் போகவில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் பதிமூன்று கடிதங்களையும் ஏற்றுக்கொள்ளலாமா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஒரு கடிதத்தில் மறைந்தவர் கையெழுத்தே இருக்கிறது என்று ஒருவர் சந்தேகம் எழுப்பினார். அது மகனுக்கும் அதே பெயர் என்று தெரிந்ததும் எல்லோரும் நிம்மதியானார்கள். வருகைப் பதிவில் அந்தப் பதிமூன்று பேருக்கும் அன்று முதன்முறையாக 'ஆஜர்' போட்டார்கள். மதாம் இஜ்லாலின் கண் கலங்கியது.

பதினொன்றும் பதிமூன்றும் இருபத்துநான்கு. ஒன்று குறைந்தது.

துசூன் பே நாற்காலியில் முன்னும் பின்னும் மெல்ல உருண்டார். சிந்திக்கும்போது அவர் அப்படிச் செய்வார்.

"ஒரு கைதானே வேணும்" என்றார். "உஸ்தாஸ் வக்திக்குக் கை இல்லையா? அவரை உறுப்பினராக்கிடுவோம். புது உறுப்பினரைச் சேர்க்கத் தீர்மானம் வேண்டாம், கைதட்டினாப் போதும். சந்தோஷ காரியத்துக்கு ஓட்டு எதுக்கு?"

அத்தனை பேரும் கைதட்டினார்கள். வக்திக்கு முதல்முறையாக அந்த மனிதர் மேல் ஒரு பாசம் வந்தது. சபை முறைப்படி, புது உறுப்பினரின் மார்பில் அவருடைய மனைவிதான் சின்னத்தைக் குத்த வேண்டும். மனைவி நேரில் வர வேண்டும்.

"அவளால நடக்க முடியாதுன்னுதானே நான்..."

"வர முடியாதவங்களை எப்படியாவது கூட்டிட்டு வர்றதுதான் தொண்டு" என்றார் துசூன் பே.

மார்ச் முதல் செவ்வாய். வெயில் வந்திருந்தது. இன்ஸாஃப் பச்சை நிறக் கோட்டும் புதுத் தலைத்துணியும் போட்டுக்கொண்டாள். வக்தி இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியின் ஒரு பக்கம் பிடித்தார். ஷிஹாத்தா மறுபக்கம்.

"முப்பது வருஷமா டயர் பாக்கறேன் உஸ்தாஸ்" என்றான் ஷிஹாத்தா, மூச்சு வாங்க. "சக்கரமே இல்லாத வண்டியை இப்பத்தான் ஓட்டறேன்."

"பேசாம தூக்கு" என்றாள் இன்ஸாஃப். "வண்டிக்குக் காது இருக்கு."

கூடத்தின் வாசலில் மதாம் இஜ்லால் அவர்களை நிறுத்தினார். சமையலறை நாற்காலி உள்ளே வரக் கூடாது. படத்தில் விழுந்தால் டென்மார்க்கில் என்ன நினைப்பார்கள். பன்னிரண்டாவது சக்கர நாற்காலியை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். இன்ஸாஃபை அதில் மாற்றி உட்கார வைத்தார்கள். ஷிஹாத்தா சமையலறை நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கடை திறந்து கிடக்கிறது, முடிந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வருகைப் பதிவு நடந்தது. வக்தி நின்றுகொண்டே உறுதிமொழி எடுத்தார். பதின்மூன்றாவது நாற்காலி கிடையாது. இன்ஸாஃப் சின்னத்தைக் குத்தினாள். உறுப்பினர் எண் முப்பத்தெட்டு, என்றென்றைக்கும். படம் எடுத்தார்கள். பன்னிரண்டு நாற்காலிகளும் பயன்பாட்டில் இருந்தன. படம் எடுத்தவர், "நடுவுல இருக்கற அம்மா மட்டும் கொஞ்சம் சிரிக்கலாம்" என்றார்.

அதன் பிறகு துசூன் பே பேசினார். அவர் பேசுகையில் இன்ஸாஃப் வலது கையால் சக்கரத்தைத் தொட்டாள். நாற்காலி ஒரு சாண் முன்னால் போனது. குனிந்து அதைப் பார்த்தாள். பின்னால் இழுத்தாள், வந்தது. மறுபடி முன்னால் போனாள், இம்முறை இரண்டு சாண். நவம்பருக்குப் பிறகு யாரும் தூக்காமல் அவள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனது அதுதான். பேச்சு முடியும்வரை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள். துசூன் பேயும் உருண்டுகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ஓட்டு வந்தது. பதினோரு கை, பதிமூன்று கடிதம், வக்தியின் கை.

"இருபத்தஞ்சு" என்றார் மதாம் இஜ்லால். முப்பது வருடத்தில் ஒரு தீர்மானம்.

"ஒரு நிமிஷம்" என்றார் பொறியாளர் ரம்சீஸ்.

காகிதத்தில் எதையோ வகுத்தார். மீண்டும் வகுத்தார். "முப்பத்தேழுக்கு இருபத்தஞ்சு போதும். இப்ப இவரையும் சேத்து முப்பத்தெட்டு. முப்பத்தெட்டுல மூணுல ரெண்டு பங்கு இருபத்தஞ்சும் மூணுல ஒண்ணும்."

"அந்த மூணுல ஒண்ணு யாரு?" என்று கேட்டார் யாரோ.

"யாரும் இல்ல. அதான் குறையுது."

"என்னை நீக்கிடுங்க" என்றார் வக்தி.

அவரை எல்லோரும் வாஞ்சையோடு பார்த்தார்கள். அப்படி நீக்க விதியில் வழி இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"மனுஷனைக் கூறு போட முடியுமா?" என்று துசூன் பே எழுந்து வந்து வக்தியின் கையைக் குலுக்கினார். "மூணுல ஒரு பங்கு. இவ்வளவு கிட்டத்துல இந்தக் கிளை எந்தத் தீர்மானத்துக்கும் வந்ததில்ல. இது உங்க வெற்றி உஸ்தாஸ். அடுத்த மாசம் பாப்போம். ஏப்ரல்ல நோன்புக்கு விடுமுறை, மே மாசம் பாப்போம்."

மணி மூன்று முறை அடித்தது. உறுப்பினர்கள் நாற்காலிகளிலிருந்து எழுந்து, முழங்காலை நீவி, கோட்டை மாட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் வழிவிட்டு, நீங்க முதல்ல, இல்ல நீங்க என்று வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். துசூன் பே டிராமைப் பிடிக்க ஓடினார், பிடித்தும்விட்டார்.

மதாம் இஜ்லால் மஞ்சள் துணியால் ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியையும் துடைத்துச் சுவரோரமாக நிறுத்தினார். பதினொன்று முடிந்தது.

பன்னிரண்டாவது கூடத்தின் நடுவில் நின்றது. இன்ஸாஃப் அதைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். மடியில் கைப்பை. வலது கை சக்கரத்தின் மேல்.

"மதாம் இன்ஸாஃப்" என்றார் மதாம் இஜ்லால், "கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா? இதை மட்டும் வச்சுட்டாப் பூட்டிடலாம்."

இன்ஸாஃப் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்தி வந்து தோள் கொடுப்பார் என்று மதாம் இஜ்லால் அவரைத் திரும்பிப் பார்த்தார். வக்தி வாசலில் இருந்தார். கதவின் ஒரு பாதிதான் எப்போதும் திறந்திருக்கும். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மறுபாதியின் கீழ்த் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருந்தார். துரு ஏறியிருந்தது. ஆனாலும் வந்தது.

மதாம் இஜ்லால் துணியை மடித்தார். பிரித்தார். பள்ளியில் யாரையும் இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லாதவர். இப்போது பக்கத்தில் போய், தணிந்த குரலில் கேட்டார்.

"அம்மா, உங்களைத்தான். கொஞ்சம் எழுந்திருங்களேன்."